ஏடிபிகல் நிமோனியா: கண்டறிவதும் குணப்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழல்கள் குறுகி நாள்பட நீடிக்கும் நுரையீரல் நோய்) போன்ற சுவாச நோய் உள்ளவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்வோரும், முதல் கட்ட சிகிச்சை தரும் மருத்துவர்களும் செவிலியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்குள்ள மருந்தளவுகள் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இயங்குபவர்களுக்கானவை. மருத்துவர் எழுதித் தராமல் இவற்றில் எதையும் வாங்கி விழுங்க வேண்டாம்.

ஏடிபிகல் நிமோனியா என்று எதைச் சொல்கிறார்கள்?

நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியாவுக்கு ஒரு தெளிவான முகம் உண்டு: குளிர் நடுக்கத்தோடு திடீர்க் காய்ச்சல், துருநிறச் சளி, மூச்சை இழுத்தால் மார்பில் குத்தல், எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடல் முழுக்க வெள்ளை. இதற்குள் அடங்காமல், மெல்லத் தொடங்கி வறட்டு இருமலாக நீளும் நோயாளிகளை ‘ஏடிபிகல்’, அதாவது வழக்கத்துக்கு மாறானவர்கள் என்று 1938இல் அமெரிக்க மருத்துவர் ஹோபர்ட் ரைமன் தனியாகப் பிரித்து விவரித்தார். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகு, அது இவர்களுக்குப் பலன் தரவில்லை என்பதும் தெரிந்தது.

இன்று இந்தத் தலைப்பின் கீழ் வரும் பாக்டீரியாக்கள் முக்கியமாக ஐந்து. மைக்கோபிளாஸ்மா நிமோனியே, கிளமிடியா நிமோனியே, லீஜியோனெல்லா ஆகிய மூன்றையும் அடிக்கடி பார்க்கலாம். பறவைகளிடமிருந்து வரும் கிளமிடியா சிட்டாசியும், ஆடு மாடுகளிடமிருந்து வரும் காக்சியெல்லாவும் (கியூ காய்ச்சல்) அரிது. ஐந்தையும் ஒரே கூடையில் போட்டதில் ஒரு சங்கடம் இருக்கிறது: மைக்கோபிளாஸ்மா வந்தவர் பெரும்பாலும் நடமாடிக்கொண்டே குணமாகிவிடுவார், லீஜியோனெல்லா வந்தவர் இரண்டே நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். ஆகவே நோயாளியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஏடிபிகலா?” என்பதைவிட, “லீஜியோனெல்லாவாக இருக்குமா?” என்பதுதான்.

அமாக்சிசிலின் ஏன் வேலை செய்வதில்லை?

பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் பீட்டா-லாக்டம் குடும்பம். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுத்துத்தான் இவை கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, தாக்க இடமில்லை. லீஜியோனெல்லா, கிளமிடியா, காக்சியெல்லா மூன்றும் நம் செல்களுக்கு உள்ளே புகுந்து பெருகுகின்றன. பீட்டா-லாக்டம் மருந்துகள் அங்கே போதிய அளவு சேர்வதில்லை. செல்லுக்குள் நுழைந்து, பாக்டீரியா புரதம் தயாரிப்பதையோ டிஎன்ஏவைக் கையாள்வதையோ நிறுத்தும் மருந்துதான் தேவை. மேக்ரோலைடு (அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின்), டெட்ராசைக்ளின் (டாக்சிசைக்ளின்), ஃப்ளூரோகுயினோலோன் (லீவோஃப்ளாக்சசின்) என்ற மூன்று குடும்பங்கள் இதைச் செய்கின்றன.

அறிகுறிகளை வைத்தே எந்தக் கிருமி என்று சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது. எக்ஸ்ரேயை வைத்தும் முடியாது. ஆனால் சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று சில தடயங்கள் சொல்லும்.

மைக்கோபிளாஸ்மா பள்ளி வயதுப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் பிடிக்கும். தொற்றியதற்கும் அறிகுறி வருவதற்கும் நடுவே 1 முதல் 4 வாரம் ஆகும். அதனால் ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுக்காமல், இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக விழுவார்கள். தொண்டை வலி, தலைவலி, அசதி முதலில் வரும். வறட்டு இருமல் பிறகு வந்து வாரக்கணக்கில் நிற்கும். ஸ்டெதாஸ்கோப்பில் பெரிதாக எதுவும் கேட்காது, எக்ஸ்ரேயோ மோசமாக இருக்கும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வருவதும், மூளை பாதிக்கப்படுவதும் அரிது. ஆனால் வந்தால் ஆபத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இது அலையாக எழும். கோவிட் கட்டுப்பாடுகளின்போது காணாமல் போயிருந்த இக்கிருமி 2023இன் பிற்பகுதியில் பல நாடுகளில் மறுபடி தலைதூக்கியது.

கிளமிடியா நிமோனியேவில் குரல் கம்மலும் தொண்டை வலியும் முன்னால் வரும். நோய் லேசானது, ஆனால் இழுத்தடிக்கும்.

லீஜியோனெல்லாவின் போக்கு வேறு. 1976 ஜூலையில் பிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் நடந்த ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டுக்குப் பிறகு நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி பிடிபட்டது. பெயரும் அப்படி வந்ததே. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், சிஓபிடி நோயாளிகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள். 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குழப்பமான பேச்சு, காய்ச்சலின் அளவுக்கு ஏறாத நாடித்துடிப்பு ஆகியவை சேர்ந்து வரும். ரத்தத்தில் சோடியம் குறையும். சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), எல்டிஹெச் (செல் சேதத்தைக் காட்டும் நொதி), கல்லீரல் நொதிகள் உயரும். கிராம் சாயமிட்ட (நுண்ணோக்கியில் பாக்டீரியாவைக் காட்டும் சாயம்) சளியில் வெள்ளணுக்கள் நிறையவும் கிருமி ஒன்றும் இல்லாமலும் இருந்தால், அந்த ஆய்வக அறிக்கையை “இயல்பு” என்று ஒதுக்கிவிடாதீர்கள். லீஜியோனெல்லா கிராம் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது.

வந்தவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

கடந்த 2 வாரங்களில் ஹோட்டலில் தங்கினாரா, மருத்துவமனையில் இருந்தாரா, வெந்நீர்த் தொட்டியில் குளித்தாரா, பெரிய குளிரூட்டும் கோபுரம் உள்ள கட்டடத்தில் வேலையா, வீட்டில் குழாய் வேலை நடந்ததா? கிளி, புறா, கோழி வளர்க்கிறாரா? ஆடு மாடு ஈன்றபோது உதவினாரா? காக்சியெல்லா நஞ்சுக்கொடியிலும் ஈன்றபோது வழியும் நீரிலும் ஏராளமாக இருக்கும். காய்ந்த தூசியாகக் காற்றிலும் பரவும். வீட்டில் யாருக்காவது சில வாரம் முன்பு நீண்ட இருமல் இருந்ததா? ஏற்கெனவே எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் அமாக்சிசிலின் எடுத்தும் காய்ச்சல் அசையவில்லை என்ற பதில், சில பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

எந்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது?

வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் லேசான நோயாளிக்குக் கிருமியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எக்ஸ்ரேயும் ஆக்சிஜன் அளவும் போதும். மருத்துவமனையில் சேர்க்கும் நிலை, முதல் ஆன்டிபயாடிக்குக்குப் பலன் இல்லாத நிலை, மேலே சொன்ன தடயங்கள் இருக்கும் நிலை – இம்மூன்றில் பரிசோதனை அவசியம்.

பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை): மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா இரண்டுக்கும் இதுவே முதல் தேர்வு. மூக்கின் பின்பகுதியிலோ தொண்டையிலோ செயற்கை இழைக் குச்சியால் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது. மேலோட்டமாகத் தொட்டு எடுத்தால் கிருமி இருந்தும் “இல்லை” என்று வரும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் குச்சியும் கூடாது. பிசிஆர் வினையைக் கெடுக்கும். லீஜியோனெல்லாவுக்கு மூக்குக் குச்சி நம்பகமானதல்ல, சளியோ மூச்சுக்குழலிலிருந்து எடுத்த நீரோ வேண்டும். இன்னொரு பொறி: பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் பிசிஆர் பேனல்களில் சிலவற்றில் லீஜியோனெல்லா சேர்க்கப்பட்டிருக்காது. “பேனல் நெகட்டிவ்” என்றால் அதில் எவை தேடப்பட்டன என்று பாருங்கள்.

சிறுநீர் ஆன்டிஜென் (சிறுநீரில் வெளியேறும் கிருமியின் கூறு): லீஜியோனெல்லாவுக்கு விரைவானது, ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகும் எடுக்கலாம். பரவலாக உள்ள கருவிகள் லீஜியோனெல்லா நியூமோஃபிலாவின் செரோகுரூப் 1 என்ற உள்வகையை மட்டுமே கண்டுபிடிக்கும். அந்த வகையிலும் எல்லாரையும் பிடிக்காது. பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. குணமான பின்னும் வாரக்கணக்கில் பாசிட்டிவாகவே நீடிக்கலாம் என்பதால், குணமானதை அளக்க இது உதவாது.

சளி வளர்ப்பு: லீஜியோனெல்லா சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளராது. கரியும் ஈஸ்ட் சாறும் சேர்ந்த பிசிஒய்ஈ அகார் வேண்டும், 3 முதல் 5 நாள், சில சமயம் 10 நாள் ஆகும். ஆகையால் கோரிக்கைப் படிவத்தில் “லீஜியோனெல்லாவைத் தேடவும்” என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆய்வகம் தேடாது. வெள்ளணு குறைவு என்று சாதாரணச் சளி மாதிரியை ஆய்வகம் நிராகரிப்பது வழக்கம். லீஜியோனெல்லா கேட்கும்போது அப்படி நிராகரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரத்த ஆன்டிபாடி: அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். நோயின் முதல் வாரத்தில் ஐஜிஎம் (தொற்றில் முதலில் உருவாகும் ஆன்டிபாடி) எழாமலே இருக்கலாம். முன்பு ஒருமுறை தொற்று வந்த பெரியவர்களுக்கு எழவே எழாமலும் போகலாம். மறுபுறம், எழுந்த ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கும். போன பருவத்துத் தொற்றை இன்றைய நிமோனியாவுக்குக் காரணமாகக் காட்டிவிடும். 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறினால் மட்டுமே உறுதி. அதற்குள் சிகிச்சை முடிந்திருக்கும். கியூ காய்ச்சலுக்கும் சிட்டகோசிஸுக்கும் (கிளமிடியா சிட்டாசியால் வரும் நோய்) இன்னும் இதையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பழைய கோல்ட் அக்ளுட்டினின் பரிசோதனையைக் கைவிட்டுவிடலாம். வேறு நோய்களிலும் வரும், மைக்கோபிளாஸ்மா இருந்தும் வராமலிருக்கும்.

மாதிரி எடுக்கக் காத்திருந்து முதல் டோஸைத் தள்ளிப்போடுவது தவறு. நோய் தீவிரமாக இருந்தால் மருந்து முதலில்.

புரோகால்சிடோனின் குறைவாக இருந்தால் ஆன்டிபயாடிக் தேவையில்லையா?

நிமோனியா உறுதியானவரிடம் அப்படி முடிவெடுக்க வேண்டாம். புரோகால்சிடோனின் என்பது பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் உயரும் ஒரு பொருள். ஆனால் மைக்கோபிளாஸ்மாவில் இந்த அளவு உயராமலே இருப்பது சகஜம்.

எப்போது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்?

பெரியவர்களுக்கு நோயின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 (CURB-65) கணக்கு எளிது: புதிதாகக் குழப்பம்; யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல்; நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு; மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ் அல்லது கீழ் அழுத்தம் 60 அல்லது அதற்குக் கீழ்; வயது 65 அல்லது மேல். ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். 2 என்றால் சேர்ப்பதை யோசிக்க வேண்டும், 3 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் நிலை. இந்தக் கணக்கில் ஆக்சிஜன் அளவு இல்லை என்பது பெரிய குறை. மதிப்பெண் 0 ஆக இருந்தும் ஆக்சிஜன் 90க்குக் கீழ் இறங்கிய இளைஞரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சிஓபிடி நோயாளிக்கு அவருடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம்.

குழந்தைகளில் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 – இந்த எண்ணிக்கையையோ அதற்கு மேலோ தொட்டால் வேக மூச்சு. மார்பு உள்வாங்குதல், பால் குடிக்க முடியாமை, நீலம் பாய்தல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

மருந்தும் அளவும் என்ன?

மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா நிமோனியே – பெரியவர்களுக்கு அசித்ரோமைசின் முதல் நாள் 500 மி.கி., அடுத்த 4 நாள் தினம் 250 மி.கி.; அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 7 நாள் அளவில். குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் முதல் நாள் கிலோவுக்கு 10 மி.கி., பிறகு 4 நாள் கிலோவுக்கு 5 மி.கி., பெரியவர் அளவைத் தாண்டாமல்.

லீஜியோனெல்லா – லீவோஃப்ளாக்சசின் 750 மி.கி. அல்லது அசித்ரோமைசின் 500 மி.கி., தினம் ஒருமுறை. இங்கே 250க்கு இறக்கக் கூடாது. நோய் கடுமையானால் ஊசி வழி தொடங்கி, வாயால் எடுக்க முடிந்ததும் மாற்றலாம். வழக்கமாக 7 முதல் 10 நாள். எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு 14 முதல் 21 நாள்.

சிட்டகோசிஸ், கியூ காய்ச்சல் – டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, முன்னதற்கு 10 முதல் 14 நாள், பின்னதற்கு 14 நாள். கியூ காய்ச்சல் வந்தவருக்கு இதய வால்வில் கோளாறு இருந்தால் வால்வில் தொற்று தங்கிவிடும் ஆபத்து உண்டு. குணமான பின்னும் கண்காணிப்பு வேண்டும். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் தவிர்க்கப்படும். கியூ காய்ச்சலில் கோட்ரைமாக்சசோல் தரப்படுகிறது.

கிருமி தெரியாதபோது, மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு செஃப்ட்ரியாக்சோன் போன்ற பீட்டா-லாக்டமோடு அசித்ரோமைசினைச் சேர்த்துத் தொடங்குவதே வழக்கம். நிமோகாக்கஸையும் ஏடிபிகல் கிருமிகளையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதுதான் நோக்கம். இரண்டும் சேர்ந்தே தொற்றுவதும் உண்டு. முடிவுகள் வந்ததும் தேவையற்றதை நிறுத்துங்கள். லீஜியோனெல்லா சந்தேகம் வலுவாக இருந்தால் மட்டும், ஒரு நெகட்டிவ் சிறுநீர்ப் பரிசோதனையைக் காட்டி அசித்ரோமைசினை நிறுத்த அவசரப்பட வேண்டாம்.

அசித்ரோமைசின் தொடங்கி 3 நாளாகியும் காய்ச்சல் குறையவில்லை. ஏன்?

லீஜியோனெல்லாவில் காய்ச்சல் இறங்க 4, 5 நாள் ஆவது இயல்பு. முதல் சில நாளில் எக்ஸ்ரே இன்னும் மோசமாகத் தெரியவும் கூடும். மூச்சும் ஆக்சிஜனும் தேறிவந்தால் மருந்தை மாற்ற வேண்டியதில்லை.

மைக்கோபிளாஸ்மாவில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணியாவிட்டால், எதிர்ப்புத்திறன் பெற்ற வகையாக இருக்கலாம். அதன் 23எஸ் ஆர்ஆர்என்ஏவில் (புரதம் தயாரிக்கும் பகுதியின் ஓர் அங்கம்) ஒரே எழுத்து மாறினாலே மேக்ரோலைடு ஒட்ட முடியாமல் போகும். சீனா, ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் இது மிகப் பரவலாகக் காணப்பட்டிருக்கிறது. ஒரு மேக்ரோலைடு பலிக்கவில்லை என்று இன்னொரு மேக்ரோலைடுக்குத் தாவுவதில் பயனில்லை. அசித்ரோமைசினிலிருந்து கிளாரித்ரோமைசினுக்கு மாற்றுவது நாளை வீணாக்குவதுதான். டாக்சிசைக்ளினுக்கோ லீவோஃப்ளாக்சசினுக்கோ மாற வேண்டும். டாக்சிசைக்ளின் 8 வயதுக்குக் குறைந்தவர்களின் பல்லைக் கறையாக்கும் என்ற அச்சம் பழைய டெட்ராசைக்ளின்களிலிருந்து வந்தது. 3 வாரத்துக்கு உட்பட்ட சிகிச்சையைத் தேவையானபோது தரலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு.

இவை இரண்டும் இல்லையென்றால், நுரையீரல் உறையில் நீரோ சீழோ சேர்ந்திருக்கிறதா, காசநோயா, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பா, வைரஸா என்று மீண்டும் முதலிலிருந்து பாருங்கள்.

ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை?

நிறைய இருக்கின்றன. மைக்கோபிளாஸ்மாவும் கிளமிடியாவும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். வீசிங் மட்டும் தெரிந்து நிமோனியா மறைந்துபோகும். பம்ப் எத்தனை முறை அடித்தும் அடங்காத, காய்ச்சலோடு வந்த வீசிங்குக்கு எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். இன்ஹேலரை நிமோனியா வந்ததென்று நிறுத்த வேண்டாம்.

சிஓபிடி தாக்குதல்களைத் தடுக்க மாதக்கணக்கில் குறைந்த அளவு அசித்ரோமைசின் எடுக்கிறவருக்கு அதன் நடுவே நிமோனியா வந்தால், அதே மருந்தின் அளவைக் கூட்டாமல் வேறு குடும்பத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தியோஃபிலின் (மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றும் அதன் ரத்த அளவை உயர்த்திப் படபடப்பு, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகும். அசித்ரோமைசினில் இந்தப் பிரச்சினை குறைவு.

கரியமில வாயு தேங்கும் சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98ஐக் காட்ட வேண்டுமென்று திறந்துவிட்டால் வாயு இன்னும் தேங்கி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்.

நெபுலைசர் குப்பியையும் சிபேப் (முகமூடி வழியே அழுத்தக் காற்று தரும் கருவி) ஈரப்பதக் கலத்தையும் குழாய்த் தண்ணீரால் கழுவி அப்படியே பயன்படுத்துவது, லீஜியோனெல்லாவை நேராக நுரையீரலுக்குள் தெளிப்பதற்குச் சமம். கடைசி அலசல் கிருமிநீக்கிய நீரிலோ கொதித்து ஆறிய நீரிலோ இருக்கட்டும். பிறகு முழுதாக உலர விடுங்கள்.

பக்கவிளைவுகள், மருந்துகளுக்குள் மோதல்கள்?

மேக்ரோலைடும் ஃப்ளூரோகுயினோலோனும் ஈசிஜியில் கியூடி இடைவெளியை நீட்டும்; அது அதிகமானால் இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகலாம். இதயத்துடிப்புக் கோளாறு, பொட்டாசியம் குறைவு, இதேபோல் நீட்டும் வேறு மருந்து இருந்தால் முதலில் ஈசிஜி. கிளாரித்ரோமைசினோடு கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் கூடாது, தசை சிதையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பார்க்க வேண்டும்.

லீவோஃப்ளாக்சசினில் தசைநாண் வலி, சர்க்கரை திடீரென்று இறங்குதல், மூத்தோருக்குக் குழப்பம் வரலாம். ஸ்டீராய்டும் சேர்ந்தால் குதிகால் நாண் அறுபடும் வாய்ப்பு கூடும். சிஓபிடி நோயாளிகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை காசநோய். ஃப்ளூரோகுயினோலோன் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளி தற்காலிகமாகத் தேறுவார், சளிப் பரிசோதனை நெகட்டிவாகும், உண்மை நோய் தாமதமாகப் பிடிபடும். காசநோய் பரவலாக உள்ள இடங்களில் இதை முதல் மருந்தாக எடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. எடுக்க நேர்ந்தால், அதற்கு முன் சளியைக் காசநோய்க்கு அனுப்பிவிடுங்கள்.

இரும்பு, துத்தநாகம், ஆன்டாசிட் ஆகியவை லீவோஃப்ளாக்சசினையும் டாக்சிசைக்ளினையும் குடலில் கட்டிப்போடும். குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். “மருந்து வேலை செய்யவில்லை” என்ற புகாரின் பின்னால் சில நேரம் இருப்பது சத்து மாத்திரைதான். டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் நீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். படுக்கும் முன் ஒரு வாய் நீரில் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

மைக்கோபிளாஸ்மாவும் கிளமிடியா நிமோனியேவும் இருமல் துளிகளால் தொற்றும். முகக்கவசம், கை கழுவுதல், இருமும்போது வாய் மூடுதல் போதும். லீஜியோனெல்லா தண்ணீர்த் திவலைகளிலிருந்து வருவது. ஆளிடமிருந்து ஆளுக்குப் பொதுவாகப் பரவாது. ஆனால் ஒருவருக்கு வந்தால் அதே தண்ணீரைப் பயன்படுத்தும் எல்லாரும் ஆபத்தில் இருக்கிறார்கள். ஆகவே பல நாடுகளில் இதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இக்கிருமி சுமார் 25 முதல் 45 டிகிரி நீரில் பெருகும். குழாய்களுக்கு வெந்நீர் தரும் சேமிப்புத் தொட்டியை (குளிக்கும் தொட்டியை அல்ல) 60 டிகிரியில் வைத்திருப்பதும், நாள்கணக்கில் மூடிக்கிடந்த குழாய்களைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்துவதும் பலன் தரும். ஓடவிடும்போது திவலை தெறிக்காதபடி மெதுவாகத் திறந்து, விலகி நில்லுங்கள். இவற்றுக்குத் தடுப்பூசி பொதுப் பயன்பாட்டில் இல்லை.

காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. மறுபடி மருந்தா?

வேண்டாம். மைக்கோபிளாஸ்மாவுக்குப் பின் இருமல் 3, 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். கிருமி போனாலும், அது சேதப்படுத்திய மூச்சுக்குழல் மயிரிழைகள் மீண்டும் முளைக்க நாளாகும். மறுபடி காய்ச்சல், சளியில் ரத்தம், எடை இழப்பு, மூச்சிரைப்பு கூடுதல் – இவற்றில் எதுவும் இருந்தால் வர வேண்டும். 50 வயதைத் தாண்டிய புகைப்பவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். நிமோனியாவின் நிழலுக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். அதற்கு முன் எடுத்தால், இன்னும் கரையாத பழைய நிழலைப் பார்த்து வீணாகப் பயப்பட நேரும்.